கலத்துக்குள் வரவுப் பாட்டு இல்லை

உயர்தரத்தில் உயிரியல் படித்த, படிக்கிற எல்லாருக்கும் இந்தக் காட்சி தெரிந்திருக்கும். கறுப்புப் பின்னணி. நடுவில் டீ.என்.ஏ ஒன்று மெதுவாகச் சுழன்றுகொண்டு நிற்கும். பின்னணிக் குரல் ஒரு நொதியத்தின் பெயரைச் சொல்லும். சொல்லி வாய் மூடுவதற்குள் அந்த நொதியம் எங்கிருந்தோ வந்து, சரியான இடத்தில், சரியான பக்கம் திரும்பி, டக்கெண்டு பொருந்தும். வேலை முடிந்ததும் காணாமல் போகும். பிறகு அடுத்த பெயர், அடுத்த நொதியம். பார்க்க வடிவாக இருக்கும். "ஆ, இப்பதான் விளங்குது" எண்டு ஒரு சந்தோசமும் வரும்.

அந்தச் சந்தோசத்தோடுதான் நாங்கள் இன்று சண்டை பிடிக்கப் போகிறோம்.

எங்கள் கட்சி இதுதான். ஒரு மூலக்கூறு அசைவூட்டத்தில் எந்த உறுப்பு எப்போது தோன்ற வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்று தீர்மானிப்பதை எல்லாரும் அலங்கார வேலையாக நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு விஞ்ஞானக் கூற்று. "இது இல்லாமலே இந்த வேலை நடக்கும்", "இது கூப்பிட்டவுடன் வரும்", "இதற்கு முன் இங்கே எதுவும் இருக்கவில்லை" என்றெல்லாம் அந்தத் தீர்மானம் சொல்லாமல் சொல்கிறது. கூற்று எண்டால் அதற்குப் பொறுப்புச் சொல்ல ஆள் வேண்டும். ஆனால் நாங்கள் பார்த்த வீடியோக்களில் பெரும்பாலானவற்றில் அப்படிப் பொறுப்பெடுத்து ஒரு வரி கூட இல்லை.

எங்கே என்பதற்குத் தரவு உண்டு. எப்போது என்பதற்கு?

"இது எல்லாம் உண்மையான தரவில இருந்து செய்தது" எண்டு வீடியோக்காரர்கள் சொல்வார்கள். பாதி சரி. புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேர்த்து வைக்கும் புரதத் தரவு வங்கி 1971 இல் வெறும் 7 கட்டமைப்புகளோடு தொடங்கியது. இன்று அங்கே 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டமைப்புகள் உள்ளன. எக்ஸ் கதிர்ப் பளிங்கியலாலும் குளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டியாலும் உழைத்துக் கண்டுபிடித்தவை. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

அந்தக் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கோ. ஒவ்வொரு அணுவுக்கும் மூன்று ஆள்கூறுகள் இருக்கும். இந்தக் காபன் இங்கே, அந்த நைதரசன் அங்கே. நேரம் என்று ஒரு நிரல் அதில் இல்லை. அது அசையாத ஒரு படம். புரதம் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தது, எத்தனை தரம் பிழையாக முட்டியது, வேலை முடிந்து எங்கே போனது என்று எதையும் அந்தக் கோப்பு சொல்லாது.

கணினியில் மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கிற முறையும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணிப்பில் ஒரு படி என்பது ஒன்றிரண்டு பெம்டோ செக்கன். ஒரே ஒரு மைக்ரோ செக்கனைப் பார்ப்பதற்கே சுமார் 50 கோடிப் படிகள் வேண்டும். ஒரு கலத்தின் காட்சி முழுவதையும் அப்படிக் கணித்துத்தான் யூரியூப்பில் போடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்ப அந்த நேரக்கோடு எங்கிருந்து வருகிறது? ஒரு ஆள் கணினிக்கு முன்னால் இருந்து, பின்னணிக் குரலின் நீளத்தைப் பார்த்து, "நாலாவது செக்கனில இவர் வரட்டும், ஒன்பதாவதில போகட்டும்" எண்டு வைக்கிறார். வடிவத்துக்குத் தரவு சாட்சி. நேரத்துக்குச் சாட்சி அந்த ஆளின் வசதி மட்டும். இரண்டும் ஒரே திரையில், ஒரே தரத்தில், ஒரே நம்பிக்கையோடு வந்து நிற்கின்றன. பார்க்கிற பிள்ளைக்கு எது அளந்தது, எது வைத்தது என்று பிரித்தறிய வழியே இல்லை.

கைனசின் ஏன் அப்படி நடக்கிறது?

ஒரு உண்மையான உதாரணத்தை எடுப்போம். 2006 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்காக எக்ஸ்விவோ என்ற நிறுவனம் 'கலத்தின் உள் வாழ்க்கை' என்ற அசைவூட்டத்தைச் செய்தது. இந்தத் துறையில் அதைவிடப் புகழ்பெற்ற வீடியோ இருக்குமா தெரியாது. அதில் ஒரு காட்சி: நுண்புன்குழாய் ஒன்றின் மேல், தன்னைவிடப் பல மடங்கு பெரிய புடகம் ஒன்றை இழுத்துக்கொண்டு, ஒரு காலுக்கு முன்னால் மறுகாலை வைத்து, ஆறுதலாக நடந்து போகிறது கைனசின் என்ற புரதம். "சந்தோசம் எண்டால் மூளைக்குள்ள இப்பிடித்தான் நடந்து போகும்" எண்டு பிழையான விளக்கத்தோடு இணையமெல்லாம் சுற்றித் திரிந்த துண்டு அதுதான்.

அழகான காட்சி. எங்களுக்கும் பிடிக்கும். இனி அதில் எது தோன்றவில்லை என்று பாருங்கோ.

கைனசினின் ஒரு எட்டு 8 நனோமீற்றர். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு ஏ.ரீ.பி மூலக்கூறு செலவாகும். ஏ.ரீ.பி தாராளமாகக் கிடைத்தால் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 100 எட்டு வைக்கும். ஆனால் எட்டு வைக்கிற அசைவு அந்த நேரத்தில் மிகச் சிறிய பங்கு. மிச்ச நேரம் எல்லாம் காத்திருப்பு. ஒரு கால் ஒட்டிக்கொண்டு நிற்கும். மற்றக் கால் வெப்பத்தால் வாரித் தூக்கியடிக்கப்பட்டு அங்கும் இங்கும் ஆடும். சுற்றியுள்ள கூட்டத்தில் இருந்து எழுமாறாக ஒரு ஏ.ரீ.பி வந்து சரியான பொந்துக்குள் விழுந்தால்தான் அடுத்த எட்டு.

வீடியோவில் ஏ.ரீ.பி தோன்றுவதே இல்லை. அதைக் காட்டாமல் விட்ட பிறகு என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். எட்டு வைப்பதற்குக் காரணம் திரையில் இல்லை. காரணம் இல்லாதபடியால் காத்திருப்புக்கும் அர்த்தம் இல்லை. அதனால் காத்திருப்பையும் எடுக்க வேண்டி வருகிறது. காத்திருப்பு போனால் நடுக்கத்தையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்த மாதிரி இருக்கும். கடைசியில் மிஞ்சுவது, தான் எங்கே போகிறேன் என்று தெரிந்து, நோக்கத்தோடு, சீராக நடந்து போகிற ஒரு குட்டி மனிசன்.

ஒரு உறுப்பை மறைத்ததால் ஒரு தகவல் மட்டும் குறையவில்லை. அசைவே பொய்யாகிவிட்டது. காரணம் இருந்த இடத்தில் விருப்பம் வந்து குந்திக்கொண்டது. இதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்: தோற்றத்தைக் கட்டுப்படுத்துகிறவர் காரணத்தையும் கட்டுப்படுத்துகிறார்.

இதற்கு விளைவு இல்லை என்று நினைக்காதீர்கள். உயிர்களை யாரோ அறிவோடு வடிவமைத்தார்கள் என்று அமெரிக்காவில் பரிணாமத்துக்கு எதிராக வாதாடுகிற தரப்பில் இருந்து ஒருவர், இதே அசைவூட்டத்தை எடுத்துத் தன் விரிவுரையில் போட்டுக் காட்டினார். இவ்வளவு ஒழுங்காக நடக்கிறதே, பின்னால் ஒரு வடிவமைப்பாளர் இருக்க வேண்டாமா என்பது அந்தத் தரப்பின் கேள்வி. இந்த வீடியோவைப் பொறுத்தவரை பதில் ஆம்தான். பின்னால் ஒரு வடிவமைப்பாளர் இருந்தார், அவருடைய உத்தியோகம் அசைவூட்டக் கலைஞர்.

செய்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எங்கள் நோக்கம் இல்லை. அதே நிறுவனம் 2014 இல், கலத்துக்குள் புரதங்கள் எவ்வளவு நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன, எப்படித் துள்ளித் துடிக்கின்றன என்று காட்டுகிற இன்னொரு அசைவூட்டத்தையும் செய்தது. ஆகவே முடியாது எண்டு ஒருத்தரும் சாட்டுச் சொல்ல ஏலாது.

வராதவர்களின் கதை

ஒரு பக்ரீரியாக் கலத்துக்குள் புரதம், ஆர்.என்.ஏ போன்ற பெரிய மூலக்கூறுகள் லீற்றருக்கு 300 முதல் 400 கிராம் வரை செறிந்து கிடக்கின்றன. கலத்தின் கனவளவில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் இவற்றுக்கே போய்விடும். மிச்ச இடமெல்லாம் நீரும் சின்ன மூலக்கூறுகளும் அயன்களும். காலி இடம் எண்டு ஒன்று இல்லை. டேவிட் குட்செல் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1990களில் இருந்து இதை நீர்வர்ணத்தில் வரைந்து வருகிறார். அவருடைய படங்களில் கறுப்புப் பின்னணி இல்லை. மூலை முடுக்கெல்லாம் மூலக்கூறு. திருவிழாவில் தேர் இழுக்கிற வீதி மாதிரி இருக்கும்.

இந்த நெரிசலை எடுத்துவிட்டு ஒரு உறுப்பை வெறுமைக்குள் இருந்து வரவழைக்கும்போது பாடத்தின் இதயமே போய்விடுகிறது. புரதத் தொகுப்பை எடுங்கள். நாங்கள் பார்க்கிற வீடியோவில் இறைபோசோமில் ஒரு கோடோன் வந்து நிற்கும். உடனே அதற்குப் பொருத்தமான ரீ.ஆர்.என்.ஏ, தன் அமினோ அமிலத்தையும் தூக்கிக்கொண்டு வந்து இருக்கும். அடுத்த கோடோன், அடுத்த சரியானவர். பிழையானவர் ஒருவர் கூட வரமாட்டார்.

உண்மையில் இறைபோசோமுக்கு யாரையும் கூப்பிடத் தெரியாது. கலத்துக்குள் இருக்கிற ரீ.ஆர்.என்.ஏ வகைகள் எல்லாம் வந்து முட்டும். சரியான ஒன்று வர முன்னம் பிழையானவை பல வந்து, பொருந்திப் பார்த்து, பொருந்தாமல் கழன்று போகும். இவ்வளவு அடிபாட்டுக்கும் நடுவில் ஒரு பக்ரீரியா இறைபோசோம் செக்கனுக்கு 20 அமினோ அமிலம் வரை கோர்க்கிறது. அப்படியிருந்தும் ஆயிரத்தில் ஒன்று முதல் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் பிழையானது உள்ளே புகுந்துவிடும். இறைபோசோமின் கெட்டித்தனம் சரியானதை வரவழைப்பதில் இல்லை, பிழையானதை வெளியே அனுப்புவதில் இருக்கிறது.

இது ஏன் முக்கியம்? ஸ்ரெப்ரோமைசினைக் கேளுங்கள். 1943 இல் கண்டுபிடிக்கப்பட்ட, காசநோய்க்கு எதிராக முதலில் வேலை செய்த நுண்ணுயிர்கொல்லி. பக்ரீரியாவின் இறைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு, பிழையான ரீ.ஆர்.என்.ஏயைச் சரியானது எண்டு நம்ப வைப்பது அது செய்கிற வேலைகளில் ஒன்று. பிழையானவர் வாசலுக்கே வராத ஒரு வீடியோவை வைத்துக்கொண்டு இதை எப்படி விளங்கப்படுத்துவது? அந்த மருந்துக்கு அந்தக் காட்சியில் வேலையே இல்லை. பிள்ளை பாடமாக்கத்தான் வேண்டும். பாடமாக்கி 'ஏ' எடுக்கலாம். ஆனால் நாளைக்கு அந்தப் பிள்ளை மருத்துவராகவோ மருந்தாளராகவோ வந்து, மருந்து ஏன் வேலை செய்கிறது, பக்ரீரியா எப்படி அதற்குத் தப்புகிறது எண்டு சனத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த நேரம் கையில் இருக்கப்போவது பாடமாக்கிய ஒரு வசனம் மட்டும்.

விகாரம் எப்படி வருகிறது, நோயெதிர்ப்பு ஏன் சிலநேரம் பிழைக்கிறது, ஒரே மருந்து ஏன் ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்குக் கேட்கவில்லை: இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் எழுமாறும் நிகழ்தகவும் இருக்கின்றன. கணித வகுப்பில் பகடையும் நாணயமும் எறிந்து படிக்கிற நிகழ்தகவுக்கு உயிரியல் வகுப்பில் இடம் இல்லாமல் போனது எப்படி? காட்சியில் இருந்து தோல்விகளை எல்லாம் வெட்டி எறிந்ததால்தான்.

2020 க்குப் பிறகு எல்லாத் தொலைக்காட்சியிலும் பார்த்தோமே, ஒற்றை வைரசு வெறுமைக்குள் பறந்து வந்து, தன் முள்ளை நேரே வாங்கிப் புரதத்தில் குத்துகிற காட்சி. வைரசு எங்களைத் தேடி வருகிறது, குறிபார்த்து வருகிறது என்ற பயத்துக்கு அந்தக் காட்சி தீனி போட்டது. எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசி வந்தபோது "இது எங்கட டீ.என்.ஏயை மாத்திப்போடுமோ?" எண்டு சனம் கேட்டது. நியாயமான கேள்வி. அந்த எம்.ஆர்.என்.ஏ குழியவுருவில் வாசிக்கப்பட்டு அங்கேயே உடைந்து போகிறது, கருவுக்குள் போவதில்லை என்பதுதான் பதில். ஆனால் கருவே காட்சியில் இல்லாத ஒரு அசைவூட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதிலை எப்படிக் காட்டுவது?

"எல்லாத்தையும் காட்டினா ஒண்டும் தெரியாது"

எதிர்த்தரப்பு வாதம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அது வலுவான வாதம். மனிதரின் செயல் ஞாபகம் சின்னது. ஜோன் சுவெல்லர் 1980களில் முன்வைத்த அறிகைச் சுமைக் கோட்பாடும், ரிச்சட் மேயர் பல்லூடகக் கற்றல் பற்றிச் செய்த ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன: தேவையில்லாததைத் தள்ளு, சொல்லும் படமும் ஒரே நேரத்தில் வரட்டும், துண்டு துண்டாகக் கொடு. ஒவ்வொரு நீர் மூலக்கூறையும் காட்டினால் திரை முழுக்க நீர்தான் இருக்கும். புரதம் தெரியாது. ஆகவே மறைக்கத்தான் வேண்டும்.

மறைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. களவாக மறைக்காதே என்று சொல்கிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இன்னொன்று. "சிக்கலாகக் காட்டினால் பிள்ளைகளுக்கு விளங்காது" என்பதை ஏதோ இயற்கை விதி மாதிரிச் சொல்கிறார்கள். அதை ஆட்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகத்தில் உயிரியல் படித்த 131 மாணவர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. முடிவுகள் 2012 இல் வெளிவந்தன. ஒரு சமிக்ஞைப் புரதம் தன் வாங்கியோடு பிணைகிற ஒரே நிகழ்வை நாலு விதமாக அசைவூட்டினார்கள். ஒன்றைவிட ஒன்று சிக்கல் கூடியது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்றைக் காட்டி, முன்னும் பின்னும், இரண்டு கிழமை கழித்தும் சோதித்தார்கள். மொத்தத்தில் மாணவர்களுக்கு நன்றாக விளங்க வைத்தது எது தெரியுமா? எல்லாவற்றிலும் சிக்கலானது.

ஒரு ஆய்வு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தும் என்று அந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை. ஆனால் "பிள்ளைகளுக்கு விளங்காது" என்ற சாட்டுக்கு இனி ஆதாரம் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. இளம் ஆட்களின் மூளையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டு அதற்குக் கற்பித்தல் முறை என்று பெயர் வைக்காதீர்கள்.

கூத்துக்காரருக்கு இருக்கிற நேர்மை

எங்கள் கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவு உண்டு. அரசன் வந்தால் அரசனுக்குரிய வரவுப் பாட்டு, அதற்குரிய தாளம், அதற்குரிய ஆட்டம். யார் எப்போது களரிக்குள் வரவேண்டும் என்பது முழுக்க முழுக்கக் கட்டுப்படுத்தப்பட்டது. ஆனால் அதில் ஒளிப்பு மறைப்பு கிடையாது. மத்தளத்தோடு அண்ணாவியார் எல்லாரும் பார்க்கக் களரிக்குள்ளேயே நிற்பார். பிற்பாட்டுக்காரரும் அங்கேதான். வரவு ஒரு ஏற்பாடு என்று சுற்றி இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மூலக்கூறு அசைவூட்டத்திலும் ஒவ்வொரு நொதியத்துக்கும் வரவு இருக்கிறது. பின்னணிக் குரல்தான் வரவுப் பாட்டு. ஆனால் அண்ணாவியாரைக் காணவில்லை. கூத்தைக் காட்டிவிட்டு, இதுதான் இயற்கை, கமராவை உள்ளே விட்டு எடுத்தோம் என்கிற பாவனை. கலத்துக்குள் யாருக்கும் வரவு கிடையாது. எல்லாரும் எப்போதும் அங்கேதான் நிற்கிறார்கள், நெருக்கியடித்துக்கொண்டு, முட்டிக்கொண்டு.

தமிழில் சொல்லப் போனால் இன்னும் ஒரு சிக்கல்

எங்கள் ஆட்கள் சிலர் ஒரு ஆங்கில அசைவூட்டத்துக்குத் தமிழ்க் குரல் போட இருந்தபோதுதான் இது வெளிச்சமானது. ஆங்கிலத்தில் கைனசின் முதலில் வரும், பிறகு சுமப்பது, பிறகு புடகம், கடைசியில் நுண்புன்குழாய். வீடியோவிலும் அதே ஒழுங்கில் ஒவ்வொன்றாகத் தோன்றும். தமிழில் எங்கள் வாயில் இயல்பாக வருகிற வசனம் "நுண்புன்குழாய் வழியே புடகத்தைக் கைனசின் சுமந்து செல்கிறது". பாதை முதல், சுமை அடுத்தது, சுமக்கிறவர் பிறகு, வினை கடைசி. அப்படியே தலைகீழ். கைனசினை முதலில் வைத்தும் சொல்லலாம், இலக்கணம் தடுக்காது. ஆனாலும் வினை கடைசியில்தான் வரும். அதற்குள் திரையில் அந்த வேலை முடிந்து அடுத்த ஆள் வந்துவிடுவார். போதாததற்கு எங்கள் வசனங்கள் நீளம்.

அப்போ என்ன செய்கிறது? ஒன்றில் தமிழை ஆங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குள் திணிக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போக விட வேண்டும். சொல்லும் படமும் சேர்ந்து வந்தால்தான் விளங்கும் என்று அவர்களே சொன்ன விதி எங்களுக்கு மட்டும் இல்லாமல் போகிறது. தமிழ் மூலம் படிக்கிற பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டாம் கைப் புரிதல். பிள்ளையின் மூளையிலும் தமிழிலும் ஒரு குறையும் இல்லை. எப்போது தோன்ற வேண்டும் என்ற முடிவு வீடியோவுக்குள் உறைந்துபோய்க் கிடப்பதுதான் குறை. உறுப்புகளைத் தனித்தனியாகப் போடவும் எடுக்கவும் கூடிய மூலக் கோப்பு கிடைத்திருந்தால் ஒரு பின்னேரத்தில் சரி செய்திருப்போம். பொதுப் பணத்தில் செய்த கல்வி அசைவூட்டங்களின் மூலக் கோப்புகளைத் திறந்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டுப் போகிற ஆட்கள் நாங்கள் இல்லை. இப்போது எங்கள் வயதுப் பெடியள், பெட்டையள் பலர் பிளெண்டரில் தாங்களே செய்கிறார்கள். அது இலவச மென்பொருள். மூலக்கூறுகளைக் காட்டுகிற பைமோல், கைமெரா எக்ஸ் போன்றவற்றையும் படிக்கிறவர்கள் காசில்லாமல் பாவிக்கலாம். ரியூசன் வகுப்பில் சேர்மார் பவர்பொயின்ற்றில் செய்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறோம்.

முதலில் நிரப்பு, பிறகு வெறுமையாக்கு, கடைசியில் திரும்ப நிரப்பு. காட்சியை நெரிசலோடு தொடங்குங்கள், ஐந்து செக்கன் போதும். பிறகு "இனி மற்றவர்களை மங்கச் செய்கிறோம்" என்று சொல்லி மங்கச் செய்யுங்கள். பாடத்தைச் சொல்லுங்கள். முடிக்க முதல் நெரிசலைத் திரும்பக் கொண்டு வாருங்கள். சுமையும் கூடாது, பொய்யும் இல்லை.

மறைப்பதற்குப் பதில் மங்க வையுங்கள். இங்கே மென்பொருளும் எங்களைப் பிழையான பக்கம் தள்ளுகிறது. பிளெண்டரில் ஒரு பொருளின் தெரிவுநிலைக்குச் சாவிச்சட்டம் வைத்தால் அது ஆம் அல்லது இல்லை. இடைநிலை இல்லை. அதனால்தான் உறுப்பு டக்கெண்டு முளைக்கிறது. மங்க வைக்க வேண்டும் என்றால் பொருளின் நிறப்பூச்சில் அல்பா பெறுமானத்துக்குச் சாவிச்சட்டம் வைக்க வேண்டும். இரண்டு நிமிட மேலதிக வேலை. பைமோலின் 'சீன்' எது தெரியும், எது தெரியாது என்பதைச் சேமித்து வைக்கும். ஒரு சீனில் மறைத்ததை மறந்துவிடாமல் எழுதி வையுங்கள். பவர்பொயின்ற் பாவிக்கிறவர்கள் புதிய உறுப்பைத் தோன்றச் செய்வதை விட்டு, எல்லா உறுப்பையும் சாம்பல் நிறத்தில் முதலே வைத்து, பேசுகிறதை மட்டும் நிறமாக்கலாம்.

ஒரு தோல்வியாவது காட்டுங்கள். சரியான ரீ.ஆர்.என்.ஏ வர முன்னம் பிழையானது ஒன்று வந்து கழன்று போகட்டும். இரண்டு செக்கன். நிகழ்தகவு அந்த இரண்டு செக்கனுக்குள் வந்துவிடும்.

சக்தி கொடுக்கிறவரை ஒளிக்காதீர்கள். யாரை மறைத்தாலும் ஏ.ரீ.பியை மறைக்காதீர்கள். காரணம் இல்லாத அசைவு திரையில் இருக்கக் கூடாது.

மூலையில் ஒரு வரி போடுங்கள். "நீரும் அயன்களும் மறைக்கப்பட்டுள்ளன. வேகம் 100 மடங்கு குறைக்கப்பட்டுள்ளது." தேசப்படத்துக்கு அளவுத்திட்டம் போடாமல் யாராவது விடுகிறோமா? இதுவும் அதே மாதிரித்தான்.

கடைசியாக, பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு வீடியோவில் பெயர் சொன்னவுடன் ஒரு நொதியம் வந்து பொருந்தினால், வீடியோவை நிறுத்துங்கோ. மூன்று கேள்வி கேளுங்கோ. இது வர முன்னம் எங்கே நின்றது? இது வர முன்னம் யார் யார் வந்து பொருந்தாமல் போனார்கள்? இது வருகிற நேரத்தைத் தீர்மானித்தது யார்? வகுப்பில் சேரிடமும் கேளுங்கோ, ரீச்சரிடமும் கேளுங்கோ. பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வி எழும்பிவிட்டால், திரைக்குப் பின்னால் ஒரு அண்ணாவியார் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு கூத்தைத் தாராளமாக ரசிக்கலாம்.